மாப்பிள்ளை வீட்டு டேங்க்

அந்த ஜன்னல் ஷட்டரைக் கொஞ்சம் இறக்கி விடுதீங்களா தம்பி? வெயில் நேரா மூஞ்சியில அடிக்கு. ஆங், இம்புட்டு போதும். நல்லா இருங்க.

எனக்கே சிரிப்பு வருது. வெயிலை வித்துத் தின்னுதவன் நான், எனக்கு வெயில் ஆகல பாத்தீங்களா. தென்காசியில 'குமரன் சோலார் வாட்டர் ஹீட்டர்'னு போர்டு பாத்திருப்பீங்க. பாக்கலையா? பரவாயில்ல. திருமலைக்குமாருன்னு கேட்டா பண்பொழி வரைக்கும் ஆளு கையைக் காட்டும். மொட்டை மாடியில கண்ணாடிக் குழாய் வரிசையாச் சாஞ்சிருக்கும், அதுக்கு மேல ஒரு டேங்க் நீளமாப் படுத்திருக்கும்லா? அது நம்ம சரக்கு. வெயில்லயே தண்ணி சுட்டிரும். கியாஸ் வேண்டாம், விறகு வேண்டாம். ஆரம்பத்துல கேலி பண்ணுனானுவ, "அருவியில குளிக்க வார ஊர்ல சுடுதண்ணி மெஷினை எவன்வே வாங்குவான்?"னு. அருவியில குளிச்சிட்டு வெடவெடன்னு நடுங்கிக்கிட்டு ரூமுக்கு வாரவன் முதல்ல கேக்கதே சுடுதண்ணிதான், அது எனக்குத் தெரியும். இன்னைக்கு குற்றாலத்துல எத்தனையோ லாட்ஜு மாடியில நம்ம டேங்க்தான் படுத்திருக்கு.

நீங்க எங்க இறங்கணும்? அம்பாசமுத்திரமா? நானும் அங்கதான். ஒரு ஆளைப் பாக்கணும். இன்னைக்குக் கடையத்துல எங்க சம்பந்தி வீட்டு விசேஷம். எம் மவனும் மருமவளும் புதுசா ஒரு பட்டறை திறக்காவ. ஆனா எனக்கு அங்க ஒரு சோலியும் கிடையாது. இந்த வண்டி அந்த வழியாப் போவுதுன்னா அதுக்கு நான் என்ன செய்ய? மதியாதார் வாசல் மிதியாதேன்னு சும்மாவா சொன்னாவ.

கேக்கீங்களா? சொல்லுதேன். நேரம் இருக்குல்லா.

சம்பந்தின்னா ஆவுடையப்பன். பேனல் வியாபாரம். நான் வெயில்ல தண்ணியைச் சுட வைக்கேன், அவரு வெயில்ல கரண்ட் எடுக்காரு. அவரு மக நித்யகல்யாணி எஞ்சினியருக்குப் படிச்ச புள்ள. எம் மவன் இசக்கிராஜாவுக்கு அவளைத்தான் கட்டுனோம். வானத்துல இருக்கிறது ஒரே சூரியன், அதுக்குக் கீழ எதுக்கு ரெண்டு கடை, சேத்துப் போட்டுருவோம்னு பேசித்தான் கல்யாணமே முடிஞ்சுது.

அந்தக் கல்யாணத்துலயே ஒரு குறை. நான் அதை யார்கிட்டயும் சொல்லுறதில்ல. முதல் பந்தி யாருக்கு தம்பி? மாப்பிள்ளை வீட்டாளுவளுக்கு. சின்னப் புள்ளைக்குத் தெரியும். எங்க அக்கா மாப்பிள்ளை புளியங்குடியில இருந்து வந்திருக்காரு, சக்கரை வியாதிக்காரரு, பசி தாங்க மாட்டாரு. அவரு போயி நிக்காரு, இலை இல்ல. யாரோ பேங்க் மேனேஜராம், அவங்க ஊரு ஆளு, அவனை உக்கார வச்சிட்டாவ. ஆவுடையப்பன் ஓடி வந்து அத்தானைக் கையைப் பிடிச்சு மன்னிப்புக் கேட்டாரு, இல்லங்கல. அடுத்த பந்தியில அவரே பக்கத்துல நின்னு பரிமாறுனாரு, அதையும் இல்லங்கல. அத்தானும் அதை அன்னைக்கே மறந்துட்டாரு, பாயாசம் ரெண்டு தடவை வாங்கிக் குடிச்சாரு. அவருக்கு ரோசம் கிடையாது. எனக்கு உண்டு. தூக்குவாளியோட கொண்டாந்து கவுத்துனாலும் ரெண்டாம் பந்தி ரெண்டாம் பந்திதான?

சரி, அது கிடக்கட்டும். கல்யாணமாகிக் கொஞ்ச நாள்ல அந்தப் புள்ள ஒரு யோசனை சொல்லிச்சு. சமையக்கட்டுல அப்பளக் கட்டையும் கரண்டியும் வச்சு விளக்குது. "மாமா, மேல விழுத வெயில்ல அஞ்சுல ஒரு பங்கைத்தான் பேனல் கரண்டா மாத்தும். மிச்சமெல்லாம் சூடாத்தான் போவுது. அந்தச் சூட்டுல பேனலும் சோந்துரும், கரண்ட் குறையும். அதனால பேனல் முதுகுல செம்புக் குழாயை ஓட்டி உள்ள தண்ணியை விடுவோம். தண்ணி சூட்டை வாங்கிக்கிடும், பேனல் குளுந்துக்கிடும், கரண்ட் கூடும். வெதுவெதுன்னு வார அந்தத் தண்ணியை உங்க கண்ணாடிக் குழாய்க்கு அனுப்புனா அது வெரசா கொதிச்சிரும். ரெண்டு பேருக்கும் லாபம் மாமா."

நல்ல யோசனைதான் தம்பி. நல்லதை நல்லதுன்னு சொல்லிருவேன், அந்தக் குணம் எனக்கு உண்டு. ஆனா நீங்களே யோசிச்சுப் பாருங்க. பேனல் அவங்க சரக்கு, குழாய் எங்க சரக்கு. குழாய் எங்க போவுது? பேனலுக்கு அடியில. மாப்பிள்ளை வீட்டுக் குழாய் பொண்ணு வீட்டுப் பேனலுக்குக் கீழ! நான் வாயே தொறக்கல. பெருந்தன்மையா விட்டுட்டேன். எம் பொண்டாட்டி பகவதிகிட்ட மட்டும் சொன்னேன். ஒரு மாசம் சொன்னேன்.

முதல்ல ஐந்தருவி ரோட்டுல ஒரு லாட்ஜுக்குப் போட்டோம். முதலாளி பேரு குற்றாலலிங்கம், எனக்குப் பழைய பழக்கம், என்னை நம்பித்தான் மாடியைக் குடுத்தாரு. கல்யாணி சாக்பீஸை எடுத்துக்கிட்டு தரையில கோடு போடுதா. பேனல் வரிசை தெக்க, ரோட்டுப் பக்கம். டேங்கும் கண்ணாடிக் குழாயும் வடக்க, பின்னால. பின்னாலன்னா எது? உடைஞ்ச கட்டிலு, பழைய மெத்தை, பாத்ரூம் குழாய் இறங்குத இடம். அங்க எங்க டேங்க். செவப்புப் பெயிண்ட்ல 'குமரன்'னு எழுதியிருக்கு தம்பி, அதை யாரு பாப்பா? உடைஞ்ச கட்டிலா?

"ஏம்மா, டேங்க் முன்னால வந்தா என்ன?"ன்னு கேட்டேன். தன்மையாத்தான் கேட்டேன்.

"பேனல்ல நிழல் விழும் மாமா."

அது ஆனி மாசம், உச்சி வெயிலு. சூரியன் வடக்க சாஞ்சு நிக்குத நேரம். எந்த நிழலும் ரோட்டுப் பக்கமாத்தான் விழுது. "எங்க விழுது? காட்டு, பாப்போம்"னேன்.

"இப்ப விழாது. சூரியன் தெக்க போனப்பொறவு, கார்த்திகை மார்கழியில விழும். பேனல் எல்லாம் கையைக் கோத்து நிக்கிற மாதிரி மாமா. ஒண்ணு இருட்டாயிட்டா வரிசையையே இழுத்துப் பிடிச்சிரும்."

"எஞ்சினியரு அதுக்கு ஒரு வழி வைக்க மாட்டானா?"

"வச்சிருக்காவ மாமா. நிழல்ல கிடக்கதை ஒதுக்கிட்டு கரண்ட் சுத்திப் போயிரும். ஆனா அது இருந்தும் இல்லாத கணக்குதான். ஒண்ணை ஒதுக்கலாம். உங்க டேங்க் நீளத்துக்கு எத்தனையை ஒதுக்க?"

எதுத்துப் பேசுதா பாத்தீங்களா? குரலை உசத்தலதான். சிரிச்ச முகமாத்தான் சொன்னா. ஆனா எதுத்துப் பேச்சு எதுத்துப் பேச்சுதான. நான் ஒரே வார்த்தை சொன்னேன். "கல்யாணத்துல விட்டுக் குடுத்துட்டேன். இங்க டேங்க் முதல் பந்தியிலதான் உக்காரும்."

எம் மவன் வானத்தைப் பாக்கான். ஆவுடையப்பன்தான் பேசுனாரு. "அண்ணாச்சி சொன்னா சரி. மாப்பிள்ளை வீட்டு டேங்க், முன்னாலயே இருக்கட்டும்மா"ன்னு. அன்னையில இருந்து வேலைக்காரப் பயலுவ எல்லாம் அதே பேரைத்தான் சொன்னானுவ. "ஏல, மாப்பிள்ளை வீட்டு டேங்க்கைப் பைய தூக்குங்கலே, கோவிச்சுக்கிடப் போவுது"ன்னு. எம்புட்டு மரியாதை பாருங்க.

சீசன் பூரா நல்லாத்தான் ஓடிச்சு. சாரல் விட்டு வெயில் எட்டிப் பாக்கும்போதெல்லாம் தண்ணி சுட்டிரும், லைட்டும் எரியும். லிங்கம் வாயெல்லாம் பல்லு. நான் மருமவளைப் பாக்கும்போதெல்லாம் கேப்பேன், "எங்கம்மா உன் நிழலு? எந்த பஸ்ஸுல வருது?"ன்னு. வேணும்னே கேலிக்குத்தான். "வரும் மாமா"ன்னு சொல்லிட்டு காப்பியை வச்சிட்டுப் போவா.

வந்துது. கார்த்திகையில சபரிமலைக்குப் போற சாமிமாரு வர ஆரம்பிச்சாவ, லாட்ஜுல இடமில்ல. அந்நேரம் பாத்து லிங்கம் போன் பண்ணுதாரு, சுடுதண்ணி பத்தல, லைட்டு மங்குதுன்னு. தண்ணியை ஓட்டுத மோட்டாரும் அந்த பேனல் கரண்ட்லதான் ஓடுது. கரண்ட் குறைஞ்சா மோட்டார் முக்குது. மோட்டார் முக்குனா தண்ணி நகர மாட்டேங்கு. தண்ணி நகரலன்னா பேனல் சூடாகி இன்னும் கரண்ட் குறையுது. கூட்டுத் தொழில்னா அதான், ஒருத்தன் மடங்குனா எல்லாம் மடங்கும்.

லிங்கம் மாடிக்கே கூட்டிட்டுப் போனாரு. என் டேங்க் நிழல் அவங்க பேனல் மேல பாய் விரிச்ச மாதிரி கிடக்கு. 'குமரன்' கூட நிழல்ல தெரியும் போல இருந்துச்சு. நான் சொன்னேன்லான்னு கல்யாணி ஒரு வார்த்தை கேட்டிருந்தா நாலு வார்த்தை திருப்பிக் கேட்டிருப்பேன். அவ சாக்பீஸை எடுத்து அந்த நிழலைச் சுத்திக் கோடு போட்டா, அம்புட்டுதான். அதுதான் எனக்குப் பொறுக்கல. என் நிழலுக்குக் கோடு போடுதா!

லிங்கத்துக்கிட்ட நான் நியாயத்தைச் சொன்னேன். "மாலை போட்ட சாமி பச்சைத் தண்ணியிலதானவே குளிக்கணும்? விரதத்துல சுடுதண்ணி கேக்கவனைத் திட்டாம என்னைத் திட்டுதீரு?"ன்னு. தப்பா? நீங்க சொல்லுங்க. "டேங்க்கைப் பின்னால நவுத்துனா சரியாயிரும்ங்காளே மருமக"ன்னாரு. "பேனலை நவுத்தச் சொல்லும்"னேன் நான். நவுத்த இடமில்லையாம். சூரியன் தெக்க போனா அதுக்கு நானா பொறுப்பு? அது போற வழியில போவுது.

ஒரு நாள் புளியங்குடியில அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். அங்க இருக்கும்போது லிங்கம் போன் பண்ணுதாரு, சந்தோசமா. "அண்ணாச்சி, உம்ம டேங்க் இப்ப பிரமாதமா ஓடுது. தண்ணி கையை வைக்க முடியல"ங்காரு. என்னவே ஆச்சுன்னு கேட்டா, எம் மவன் ஆளுவளைக் கூட்டிட்டு வந்து டேங்க்கைத் தூக்கிப் பின்னால வச்சிட்டுப் போயிட்டானாம். எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல. உடைஞ்ச கட்டிலு பக்கத்துல. சுடுதண்ணி வருதுன்னு எனக்கு வாழ்த்துச் சொல்லுதாரு அந்த மனுசன்! எனக்குச் செருப்பால அடிச்ச மாதிரி இருந்துச்சு தம்பி.

வீட்டுக்கு வந்து ஆடித் தீத்துட்டேன். மவன் பொறுமையாத்தான் சொன்னான். "அப்பா, டேங்க்கைத்தான் பின்னால வச்சேன். உங்களை இல்ல."

"ரெண்டும் ஒண்ணுதாம்லே"ன்னேன்.

அவன் என்னை ஒரு மாதிரியாப் பாத்தான். "அப்பாவும் டேங்கும் ஒண்ணுன்னா நான் என்னப்பா செய்ய?"ன்னு கேட்டுட்டு உள்ள போயிட்டான். அன்னைக்கே சொல்லிட்டேன், இனி கூட்டுமில்ல ஒண்ணுமில்ல, அவன் அவன் வெயிலை அவன் அவன் பாத்துக்கிடட்டும்னு. டேங்க் திரும்ப முன்னால வந்தாத்தான் என் வீட்டுப் படி ஏறணும்னும் சொன்னேன். ஒரு கோவத்துல சொன்னது. கோவத்துல சொன்னதை யாராவது உண்மைன்னு எடுத்துக்கிடுவாவளா? இதுவ எடுத்துக்கிடுதுவ. பெட்டியைக் கட்டிக்கிட்டு ரெண்டும் கடையத்துக்குப் போயிட்டுதுவ. கல்யாணி கால்ல விழுந்துட்டுத்தான் போனா. நான் பேப்பர் படிச்சுக்கிட்டிருந்தேன்.

இப்ப அந்தக் கூட்டுப் பேனலை நாலு ஊருக்குச் செஞ்சு குடுக்காவளாம். ஆஸ்பத்திரி, ஹாஸ்டல்னு ஆர்டராம். எவன் குழாய் போடுதான்னு தெரியல. என் குழாய் இல்ல, அது தெரியும்.

அழைக்கலையான்னு கேக்கீங்க. அதைச் சொல்லுதேன் கேளுங்க. ஆவுடையப்பன் வந்தாரு. வெத்தலை பாக்கு, பழம், தட்டு எல்லாம் கொண்டாந்தாரு. ஆனா தனியா வந்தாரு. சம்பந்தியை அழைக்க வாரவரு பொண்டாட்டியைக் கூட்டிக்கிட்டு ஜோடியால்லா வரணும்? நான் உள் ரூம்ல இருந்துக்கிட்டு, இல்லன்னு சொல்லிருன்னு பகவதியை அனுப்பிட்டேன். அப்புறம்தான் தெரியுது, அந்தம்மாவுக்கு முட்டு வலியாம், மாடிப்படி ஏற முடியாம கீழ ஆட்டோவுலயே உக்காந்திருந்தாவளாம். எனக்கு எப்படித் தெரியும்? ஆவுடையப்பன் ரொம்ப நேரம் நாற்காலியில உக்காந்திருந்தாரு. நடுவுல எனக்கு இருமல் வந்துட்டு. அவரு காதுல விழுந்திருக்கும். எந்திரிச்சுத் தட்டை வச்சிட்டு, "அண்ணாச்சி வந்தா நான் வந்துட்டுப் போனேன்னு சொல்லு தங்கச்சி. முதல் பந்தியில அவருக்கு இலை போட்டு வச்சிருப்போம்"னு சொல்லிட்டுப் போனாரு. என் மூஞ்சியைப் பாத்து அழைச்சாரா? இல்லல்லா? அப்ப அது அழைப்பா?

பகவதி காலையிலயே கிளம்பிட்டா. "நீங்க வாரதும் வராததும் உங்க இஷ்டம். நான் எம் மருமவளைப் பாக்கப் போறேன்"னு. இத்தனை வருசத்துல தனியா பஸ் ஏறாதவ. போகட்டும். வேட்டியைத் தேச்சு கட்டில் மேல வச்சிட்டுப் போயிருக்கா. அதைத்தான் கட்டியிருக்கேன். கிடந்துது, கட்டுனேன்.

கடையம் வந்துட்டு போல. டிரைவர் டீ குடிக்கப் போறாரு, இங்க கொஞ்சம் நிக்கும். அதோ, வாழை மரம் கட்டியிருக்குல்லா, பந்தல் போட்டு, அதுதான் பட்டறை. சின்ன மேளம் வச்சிருக்காவ. கூட்டம் பரவாயில்ல. இருங்க, போன் அடிக்குது. பகவதி.

ம்... சொல்லு... எங்கயோ இருக்கேன், உனக்கென்ன... ம்... ம்... அப்படியா? சரி, சரி, வை.

கேட்டீங்களா தம்பி? பந்தி உக்காந்தாச்சாம். முதல் பந்தியில, முதல் இலை, எனக்கு. தண்ணி தெளிச்சு வச்சிருக்காவளாம். அண்ணாச்சி வராம யாரும் கையை வைக்கக் கூடாதுன்னு ஆவுடையப்பன் சொல்லிட்டாராம். புளியங்குடி அத்தான் உக்காந்திருக்காராம், அந்த பேங்க் மேனேஜரும் உக்காந்திருக்கானாம், எல்லாம் இலையைப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்காவ. ஒத்த ஆளு வரலன்னா ஒரு பந்தியே நிக்குது பாத்தீங்களா? அதுதான் திருமலைக்குமாரு. இருக்கட்டும். கொஞ்சம் இருக்கட்டும். ஆவுடையப்பன் இந்த பஸ் வரைக்கும் வந்து ஒரு வார்த்தை கூப்பிட்டா இறங்கிருவேன். வருவாரு. நான் இந்த வண்டியிலதான் வருவேன்னு பகவதிக்குத் தெரியும், சொல்லாமலா இருப்பா?

அதோ யாரோ வாராவ. ஆவுடையப்பன் இல்ல. மஞ்சச் சேலை... கல்யாணி. தம்பி, அந்த ஷட்டரை இன்னும் கொஞ்சம் இறக்குங்க. இறக்குங்க, பாத்துரப் போறா. மாசமா இருக்கான்னு சொன்னாவ. ஆமா, வயிறு தெரியுது. நான் இப்பத்தான் பாக்கேன். நெத்தியில கையை வச்சுக்கிட்டு இந்த வண்டியையேதான் பாக்கா. இந்த வெயில்ல வந்து நிக்காளே கோட்டிக்காரி, உள்ள போன்னு சொல்ல அங்க ஒரு ஆளு இல்லையா? பேரப்புள்ளல்லா அது. ஒரு எட்டு இறங்கி... இல்ல. அவ எதுக்கு வரணும்? வர வேண்டியது அவ அப்பன். பெரியவங்க அழைக்கணும், அதுதான் முறை. அவ கூப்பிட்டு நான் போனா நாளைக்கு என்ன பேச்சு வரும்?

போயிட்டாளா? திரும்பிப் பாத்தாளா? பாக்கலையா... சரி.

மறுபடியும் போனு. இருங்க. இப்ப ஆவுடையப்பன்தான் பேசுவாரு.

சொல்லு பகவதி... ம்... என்னது?... யாரு சொன்னா?... ம்.

வச்சிட்டா.

ஒண்ணுமில்ல தம்பி. இலையை எடுத்துட்டாவளாம். "சக்கரைக்காரரை எம்புட்டு நேரம் உக்கார வைக்க முடியும்? உங்க இலையை எடுத்துட்டு எல்லாரும் ஒரு இலை தள்ளி உக்காந்துட்டாவ, சாம்பார் போயிக்கிட்டிருக்கு"ங்கா. யாரு எடுக்கச் சொன்னதுன்னு கேட்டேன். கல்யாணி சொன்னாளாம். அழுதுக்கிட்டே சொன்னாளாம். பொறவு அவளே உக்காந்து சாப்பிடுதாளாம், புள்ளைத்தாச்சி பசியோட இருக்கக் கூடாதுல்லா. நல்லா சாப்பிடட்டும்.

வண்டி எடுத்துட்டான். என்னப்பா கண்டக்டரு? ஆமா, கடையத்துக்குத்தான் டிக்கெட் எடுத்தேன். தாண்டியாச்சுன்னு எனக்கும் தெரியுது. சத்தம் போடாத. அம்பாசமுத்திரத்துக்கு ஒண்ணு குடு.

நீங்க ஏன் தம்பி அப்படிப் பாக்கீங்க? ஷட்டரை ஏத்திக்கிடுங்க, வெயில் அந்தப் பக்கம் போயிட்டு. அம்பாசமுத்திரத்துல யாரைப் பாக்கணும்னு மட்டும் கேட்டுராதீங்க. அங்க எனக்கு யாரும் கிடையாது.